யேப் கோட்டை ஆலய வழக்கு: கி.மு. 410 முதல் 402 வரை

கி.மு. 407 நவம்பர் 25 தேதியிட்ட ஒரு மனு. அனுப்பிய இடம் தெற்கு எகிப்தில், இன்றைய அஸ்வானுக்கு எதிரே நைல் நதிக்குள் இருக்கும் எலிஃபன்டைன் தீவு. அன்றைக்கு அதன் பெயர் யேப். பெறுபவர் யூதேயாவின் ஆளுநர் பகோகி. அனுப்பியவர்கள் யெதோனியாவும் யேப் கோட்டையில் இருந்த அவருடைய சக ஆசாரியர்களும். சங்கதி இவ்வளவுதான்: எங்கள் தேவனுடைய ஆலயத்தை மூன்று வருடத்துக்கு முன்னால் இடித்துப்போட்டார்கள், திரும்பக் கட்ட நீங்கள் ஒரு கடிதம் கொடுத்து உதவ வேண்டும்.

வேதாகமம் படித்தவர்களுக்கு இந்த இடத்திலேயே ஒரு தடங்கல் வரும். ஆசாரியர், பலிபீடம், மிருகத்தை முழுவதுமாக எரித்துச் செலுத்தும் சர்வாங்க தகனபலி எல்லாம் எருசலேமில் மட்டும்தானே? உபாகமம் 12ஆம் அதிகாரம் கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில்தான் பலி என்று கறாராகச் சொல்கிறது. கி.மு. 622 வாக்கில் யூதாவின் யோசியா ராஜா ஊர் ஊராகப் பலியிடும் மேடைகளைத் தகர்த்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார் என்று 2 இராஜாக்கள் 23 சொல்கிறது. அதற்கு இருநூறு வருடம் கழித்து எகிப்தின் தெற்கு எல்லையில் ஒரு யூத ஆலயம், அதுவும் ஆடு மாடு பலியோடு!

இதை ஒரு விநோதத் தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவதுதான் வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வழக்கு முடிந்த விதம். கட்டிக்கொள்ள ஒப்புதல் கிடைத்தது, ஆனால் கேட்டதில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பலியிடும் உரிமை எருசலேமின் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு, சட்டப் புத்தகங்களில் கிடைக்காத பதில் யேப்பில் கிடைத்த பாப்பிரஸ் (நாணலில் செய்த தாள்) ஆவணங்களில் இருக்கிறது.

கோட்டையும் குடியிருப்பும்

யேப் ஒரு எல்லைக் காவல் தீவு. அதற்குத் தெற்கே நைலில் பாறைகள் நிறைந்த முதல் நீர்வீழ்ச்சித் தொடர், அதைத் தாண்டினால் நூபியா. எகிப்தைப் பாரசீகர்கள் பிடித்தது கி.மு. 525இல், காம்பிசஸ் ராஜாவின் காலத்தில். அதற்குப் பிறகு தீவில் இருந்த யூதக் காவல்படை பாரசீக ராஜாவின் சம்பளத்தில் இருந்தது. வெள்ளியும் தானியமும் கூலி. எதிர்க்கரையில் சியேனே, அங்கே அரமேயர்களின் படை. எல்லோருக்கும் பொதுவான எழுத்து மொழி அரமேயம்.

இந்த யூதர்கள் எப்போது அங்கே போனார்கள் என்பதைப் பற்றி அவர்களுடைய ஆவணங்கள் சொல்வது ஒன்றுதான்: எகிப்திய ராஜாக்கள் ஆண்ட காலத்திலேயே எங்கள் முன்னோர் இந்த ஆலயத்தைக் கட்டினார்கள், காம்பிசஸ் வந்தபோது அது இங்கே நின்றுகொண்டிருந்தது. இந்தக் கூற்றை ஏற்றுக்கொண்டால் கணக்கு சுவாரஸ்யமாகிறது. எருசலேம் ஆலயத்தைப் பாபிலோனியர்கள் எரித்தது கி.மு. 586 வாக்கில். அது திரும்பக் கட்டி முடிந்தது 515இல். ஆக, குறைந்தது ஒரு பத்து வருடமாவது எருசலேமில் ஆலயம் இடிபாடாகக் கிடந்தபோது யேப் தீவில் பலிபீடம் புகைந்துகொண்டிருந்தது.

யேப் மக்கள் தங்கள் தேவனை யாஹு என்று எழுதினார்கள். எருசலேமில் வணங்கப்பட்ட அதே தேவன்தான். ஆலயம் ஊருக்கு நடுவில், வீடுகளுக்கு மத்தியில் இருந்தது. பக்கத்திலேயே ஆட்டுக்கடா முகம் கொண்ட எகிப்தியத் தெய்வமான க்னூமின் கோயில். அதன் ஆசாரியர்கள் தீவில் செல்வாக்கானவர்கள்.

கோட்டையில் ஆலயம் இருப்பது யூதாவிலேயே பழைய பழக்கம்தான். நெகேவ் பாலைவனத்து அராத் கோட்டையில் 1960களில் யோகனான் அகரோனி தோண்டியபோது உள்ளே ஒரு சிறு ஆலயம் கிடைத்தது. அதன் உள்ளறை வாசலில் இரண்டு கல் தூபபீடங்கள். அவற்றில் ஒட்டியிருந்த கரியை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள்: ஒன்றில் சாம்பிராணி, இன்னொன்றில் கஞ்சா. ராஜாவின் சிப்பாய்கள் எங்கே முகாம் போட்டாலும் தங்கள் தேவனுக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

பாப்பிரஸ்கள்

தீவிலிருந்தும் அஸ்வானிலிருந்தும் அரமேயப் பாப்பிரஸ்கள் வெளிவரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். சார்லஸ் எட்வின் வில்பர் என்ற அமெரிக்கர் 1893இல் ஒரு கட்டை விலைக்கு வாங்கினார். அது அவருடைய பெட்டியிலேயே கிடந்து, மகள் இறந்த பிறகு 1947இல்தான் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தது. நம் வழக்குக்கு வேண்டியவை பெரும்பாலும் 1906 முதல் 1908 வரை ஜெர்மானியர்கள் தோண்டியதில் கிடைத்தவை. எட்வார்ட் சாகாவ் 1907லேயே மனுவை வெளியிட்டுவிட்டார்.

மனு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. இரண்டுமே தீவிலேயே கிடைத்தவை. அதாவது அனுப்பியது அல்ல, அலுவலகத்தில் வைத்துக்கொண்டது. இரண்டாவதில் வாசகத்தை அங்கங்கே செப்பனிட்டிருக்கிறார்கள். மனு எழுதிக் களைத்தவர்களுக்கு இந்த வேலை புரியும்: எந்த வரியில் பணிவு, எந்த வரியில் அழுத்தம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

410, தம்மூஸ் மாதம்

பாரசீக ராஜா இரண்டாம் தரியுவின் 14ஆம் வருடம். எகிப்தின் பாரசீக ஆளுநர் அர்சாமேஸ் ராஜாவைப் பார்க்க நாட்டைவிட்டுப் போயிருந்தார். அந்த இடைவெளியில் நடந்ததாக மனு சொல்வது இது.

க்னூம் ஆசாரியர்கள் யேப் வட்டார அதிகாரி விட்ரங்காவோடு சேர்ந்துகொண்டார்கள். விட்ரங்கா தன் மகன் நபைனாவுக்கு, சியேனே படைத் தலைவனுக்கு, யேப் ஆலயத்தை இடிக்கும்படி கடிதம் எழுதினான். நபைனா எகிப்தியர்களையும் வேறு படையாட்களையும் ஆயுதங்களோடு கூட்டிவந்தான். உள்ளே புகுந்து தரைமட்டமாக்கினார்கள். கல் தூண்களை நொறுக்கினார்கள். செதுக்கிய கல்லால் கட்டிய ஐந்து வாசல்களை இடித்தார்கள். கதவுகளுக்கு வெண்கலக் கீல்கள், கூரைக்குக் கேதுரு மரம். மரத்தையெல்லாம் தீயில் போட்டார்கள். பொன், வெள்ளிக் கிண்ணங்களையும் மற்றப் பாத்திரங்களையும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பட்டியலை நஷ்ட ஈட்டுக் கணக்காக மட்டும் படிக்க வேண்டாம். கேதுரு எகிப்தில் வளராது, லெபனோனிலிருந்து வர வேண்டும். சாலொமோனின் ஆலயத்துக்கும் அதே மரம்தான். எல்லையில் கிடந்த ஒரு காவல்படை அந்தச் செலவைச் செய்திருக்கிறது. அவர்கள் கட்டியது ஏதோ ஜெபம் பண்ணும் கூடம் இல்லை, முழு ஆலயம்.

அப்புறம் அவர்கள் காம்பிசஸ் கதையைச் சேர்க்கிறார்கள். அவர் வந்தபோது எகிப்தியர்களின் கோயில்களையெல்லாம் கவிழ்த்தார்கள், எங்கள் ஆலயத்தை யாரும் தொடவில்லை என்கிறார்கள். இதை அப்படியே நம்பத் தேவையில்லை. காம்பிசஸ் எகிப்தியக் கோயில்களை அவமதித்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுதுகிறார்தான். ஆனால் சாயிஸ் நகரத்து உஜாகொரெஸ்னெத் என்ற எகிப்திய அதிகாரியின் சிலைக் கல்வெட்டு, காம்பிசஸ் அந்த ஊர்க் கோயிலை மதித்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார் என்கிறது. மனுவில் அந்த வரிக்கு வேறு வேலை இருக்கிறது. பாரசீக அரசு எங்களை அங்கீகரித்தது, இடித்தவர்கள் அந்த அரசை மீறினார்கள் என்று ஆளுநருக்கு நினைவூட்டுவதுதான் அது.

ஏன் இடித்தார்கள்?

பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஆட்டுக்குட்டி. க்னூமுக்கு ஆட்டுக்கடா புனிதம். தீவில் பதப்படுத்தி, பொன் முலாம் பூசிப் புதைத்த கடாக்களை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் யூதர்கள் பஸ்காவுக்கு ஆடு அறுத்தால் ஆசாரியர்களுக்குக் கொதிக்காதா?

கொதித்திருக்கலாம். ஆனால் அந்தப் பலி நூறு வருடத்துக்கு மேல் நடந்துகொண்டிருந்ததே? இத்தனை காலம் பொறுத்தவர்கள் 410இல் ஏன் பொறுக்கவில்லை என்று கேட்டால், ஆட்டுக்குட்டி மட்டும் போதாது.

இரண்டு கடிதங்கள் கொஞ்சம் உதவுகின்றன. முதலாவது கி.மு. 419ஐச் சேர்ந்தது. அனனியா என்பவர் யெதோனியாவுக்கு எழுதியது. ராஜாவிடமிருந்து அர்சாமேஸுக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று ஆரம்பித்து, நிசான் மாதம் 15 முதல் 21 வரை புளிப்பில்லாத அப்பப் பண்டிகையை எப்படி ஆசரிப்பது, புளித்ததை எப்படி விலக்குவது என்று விளக்குகிறது. பாப்பிரஸ் பாதி கிழிந்திருக்கிறது. இரண்டாவது, மவுசியா என்ற ஆள் எழுதியது. அபிதோஸ் நகரத்தில் வியாபாரிகளிடம் ஒரு திருட்டுக் கல் அகப்பட்ட விவகாரத்தில் தன்னை விட்ரங்கா பிடித்து அடைத்ததையும், இரண்டு வேலைக்காரர்களின் உதவியால் வெளியே வந்ததையும் சொல்கிறார். அந்த இருவரையும் நன்றாகக் கவனியுங்கள் என்று யேப் ஆட்களிடம் கேட்டுக்கொள்கிறார். நடுவே ஒரு வரி: அனனியா எகிப்துக்கு வந்ததிலிருந்து இன்றுவரை க்னூம் நமக்கு விரோதமாகத்தான் இருக்கிறான், இது உங்களுக்குத் தெரியும்.

அனனியா என்ன செய்தார்? பண்டிகையைக் கட்டாயமாக்கினாரா, யூதர்களுக்குத் தனி அந்தஸ்து வாங்கிக்கொடுத்தாரா? எப்படியானாலும், பாரசீக ராஜாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து யூத வழிபாட்டுக்கு ஒழுங்குமுறை போட்டதும் பக்கத்துக் கோயில்காரர்கள் முகம் மாறியது என்பது மவுசியாவின் சாட்சி.

இன்னொரு பக்கம் நிலத் தகராறு. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஒரு பாப்பிரஸில் யேப் யூதர்கள் வேறொரு முறையீடு செய்கிறார்கள். க்னூம் ஆசாரியர்கள் விட்ரங்காவுக்கு வெள்ளியும் பொருளும் கொடுத்தார்கள், ராஜாவின் தானியக் களஞ்சியத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள், கோட்டைக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள், படை கூடும்போது தண்ணீர் எடுக்கும் கிணற்றை அடைத்துவிட்டார்கள் என்று அதில் இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள், நீதிபதிகளும் கண்காணிப்பாளர்களும் வந்தால் நாங்கள் சொல்வது உண்மை என்று தெரியும் என்கிறார்கள். அதே காலத்து வீட்டுப் பத்திரங்களில் எல்லை விவரத்தைப் பார்த்தால் எகிப்தியர்கள் கட்டிய சுவரும், தெய்வம் போகும் பாதையும் புதிதாக முளைக்கின்றன. க்னூம் கோயில் தன் எல்லையை விரித்துக்கொண்டிருந்தது. வழியில் யாஹுவின் ஆலயம் நின்றது.

அரசியலும் உண்டு. பாரசீக ஆட்சி எகிப்தில் ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம் அது. 404இல் அமிர்த்தேயஸ் கிளர்ச்சி செய்து ராஜாவானார். யேப் யூதர்கள் பாரசீகர்களின் கூலிப்படை. அந்நியன் சம்பளம் கொடுக்கும் சிப்பாயின் கோயிலை இடிப்பதில் எகிப்தியர்களுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும். யூதர்களே அந்த முறையீட்டில், எகிப்தியர்கள் கலகம் செய்தபோதும் நாங்கள் எங்கள் காவலை விட்டுப் போகவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இடம்தான் முதல் காரணம். மதம் அதற்கு வாய்ப்பான பேச்சு, அர்சாமேஸ் ஊரில் இல்லாதது சந்தர்ப்பம்.

மனுவின் சாமர்த்தியம்

இடித்த அன்றிலிருந்து தாங்களும் மனைவி மக்களும் இரட்டுடுத்தி, உபவாசம் இருந்து, பரலோகத்தின் கர்த்தராகிய யாஹுவிடம் மன்றாடுகிறோம் என்கிறார்கள். எங்கள் மனைவிகள் விதவைகளைப் போல ஆகிவிட்டார்கள், நாங்கள் எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை. மூன்று வருடமாக ஆலயத்தில் போஜனபலி (மாவுப் பலி), தூபம், சர்வாங்க தகனபலி எதுவும் இல்லை.

விட்ரங்காவின் கதி பற்றி ஒரு பகுதி இருக்கிறது. நாய்கள் அவன் காலிலிருந்து தண்டையைக் கழற்றின, சம்பாதித்ததெல்லாம் போயிற்று, ஆலயத்துக்குத் தீங்கு நினைத்த எல்லோரும் கொல்லப்பட்டார்கள், நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். இது நடந்த செய்தியா, அல்லது அவர்கள் விட்ட சாபமா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு. அரமேய வினைகளை இரண்டு விதமாகவும் படிக்க முடியும். விட்ரங்கா பதவியிழந்தது மட்டும் உறுதி என்று நினைக்கிறேன். பிறகு வந்த அரசுக் குறிப்பே அவனை "அந்தத் துன்மார்க்கன்" என்று எழுதுகிறது. பதவியில் இருப்பவனை அப்படி எழுத மாட்டார்கள்.

இப்போது மனுவின் நெஞ்சைக் கவனிக்க வேண்டும். இதற்கு முன்பே, இடித்த சமயத்திலேயே, நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம் என்கிறார்கள். யார் யாருக்கு? ஆளுநராகிய உங்களுக்கு, பிரதான ஆசாரியன் யோகனானுக்கும் எருசலேமில் இருக்கும் அவருடைய சக ஆசாரியர்களுக்கும், அனானியின் சகோதரன் ஒஸ்தானேசுக்கு, யூதாவின் பெரியவர்களுக்கு. ஒரு கடிதமும் திரும்பி வரவில்லை.

இந்த யோகனான் நெகேமியா 12:22 சொல்லும் லேவியர் பட்டியலில் வரும் அதே யோகனான் என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஒரு கடிதத்தை அவர் வாசித்திருக்கிறார், அல்லது அவர் அலுவலகம் வாசித்திருக்கிறது. பதில் போடவில்லை.

யேப் ஆட்கள் விவரமானவர்கள். இரண்டாம் முறை எழுதும்போது பிரதான ஆசாரியனை விட்டுவிட்டார்கள். பகோகிக்கு மட்டும் எழுதினார்கள். கூடவே, இதையெல்லாம் சமாரியாவின் ஆளுநர் சன்பல்லாத்தின் மகன்களான தெலாயாவுக்கும் செலேமியாவுக்கும் தெரிவித்திருக்கிறோம் என்று ஒரு வரி போட்டார்கள். நெகேமியாவின் புத்தகத்தில் எருசலேம் அலங்கத்தைக் கட்டவிடாமல் மல்லுக்கு நின்ற அந்தச் சன்பல்லாத்து குடும்பம்தான். யேப் யூதர்களுக்கு அந்தப் பகை தெரியவில்லையா, அல்லது தெரிந்தேதான் எழுதினார்களா? தெரிந்தே என்றுதான் நான் நினைக்கிறேன். பக்கத்து மாகாணத்திடமும் கேட்டிருக்கிறோம் என்றால் எந்த ஆளுநரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

அதற்கு மேல் ஆசை காட்டுகிறார்கள். ஆலயம் கட்டினால் உங்கள் பெயரில் பலிபீடத்தின்மேல் போஜனபலி, தூபம், சர்வாங்க தகனபலி செலுத்துவோம், எந்நேரமும் உங்களுக்காக ஜெபிப்போம். ஆயிரம் தாலந்து வெள்ளி பெறும் பலிகளைச் செலுத்தும் ஒருவனைவிட உங்களுக்கு யாஹுவின் சந்நிதியில் அதிகப் புண்ணியம் உண்டு. அடுத்து, பேச்சோடு பேச்சாக: பொன்னைப் பற்றியும் சொல்லியனுப்பியிருக்கிறோம். க்னூம் ஆசாரியர்கள் லஞ்சம் கொடுத்தார்கள் என்று புகார் செய்தவர்கள்தான் இவர்களும்!

பதில்

பகோகி கடிதம் எழுதவில்லை. அவரும் தெலாயாவும் வாய்மொழியாகச் சொன்னதை, தூது போனவர் குறித்துக்கொண்ட ஒரு சிறு நினைவுக் குறிப்புதான் கிடைத்திருக்கிறது. யூதேயா ஆளுநரும் சமாரியா ஆளுநரின் மகனும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். அர்சாமேஸிடம் இப்படிச் சொல்: காம்பிசசுக்கு முன்பே யேப் கோட்டையில் கட்டப்பட்டிருந்த, துன்மார்க்கனான விட்ரங்கா இடித்துப்போட்ட, பரலோக தேவனுடைய பலிபீட வீட்டை முன்பிருந்த இடத்திலேயே முன்பிருந்தபடி திரும்பக் கட்ட வேண்டும், முன்பு செய்ததுபோல அந்தப் பலிபீடத்தின்மேல் போஜனபலியும் தூபமும் செலுத்தலாம்.

மனுவில் கேட்டது மூன்று, பதிலில் இருப்பது இரண்டு. சர்வாங்க தகனபலி இல்லை.

கைத்தவறாக விட்டுப்போயிருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள் என்றால், அதற்கு இன்னொரு ஆவணம் பதில் சொல்கிறது. யெதோனியா, மவுசி, செமாயா, ஓசேயா என்ற பெயரில் இருவர் என ஐந்து பேர் ஓர் அதிகாரிக்கு எழுதியது. எங்கள் ஆலயம் யேப்பில் முன்பு இருந்தபடி கட்டப்பட்டால், அங்கே ஆடு, மாடு, வெள்ளாடு தகனபலியாகச் செலுத்தப்படாது, தூபமும் போஜனபலியும் மட்டும்தான். எங்கள் ஆண்டவர் அப்படி உத்தரவிட்டால் வெள்ளியும் ஆயிரம் அர்தாபு (ஒரு தானிய அளவு) வாற்கோதுமையும் தருகிறோம். வெள்ளி எவ்வளவு என்ற இடம் கிழிந்துபோயிருக்கிறது.

அவர்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கிறது, எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்று.

யார் கேட்டார்கள் மிருகபலியை விடச் சொல்லி? க்னூம் ஆசாரியர்களைச் சமாதானப்படுத்த என்பது ஒரு விளக்கம். ஆனால் அதற்கு ஆட்டுக்கடாவை மட்டும் விட்டால் போதும், மாட்டை ஏன் விட வேண்டும்? நெருப்பைப் பிணத்தால் தீட்டுப்படுத்தக் கூடாது என்ற பாரசீக உணர்வு என்று சிலர் சொல்கிறார்கள். பாரசீகர்கள் எருசலேமில் தினமும் இரண்டு வேளை நடந்த தகனபலியை எதிர்க்காதபோது இந்தத் தீவில் மட்டும் எதிர்ப்பானேன்?

மிச்சமிருப்பது எருசலேம். பிரதான ஆசாரியன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் யூதேயாவின் ஆளுநர் அவரைக் கேட்காமல் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆலயம் வேண்டாம் என்று சொல்ல முடியாது, காரணம் அது பாரசீக ராஜாவின் படைவீரர்களுடையது. வேண்டும் என்று சொன்னால் எருசலேமின் தனியுரிமை போகும். ஆகவே கட்டடம் உண்டு, தூபம் உண்டு, மாவுப் பலி உண்டு, இரத்தம் மட்டும் இல்லை. சமாரியாக்காரர்களுக்கும் இதில் கணக்கு இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே கெரிசீம் மலையில் அவர்களுக்கென்று ஓர் ஆலயம் எழும்பியிருந்தது என்று அங்கே தோண்டிய இட்ஸாக் மாகென் காட்டியிருக்கிறார். தங்கள் வாசலிலேயே இரண்டு பலிபீடங்கள் போட்டி போடும்போது எகிப்தில் மூன்றாவது ஒன்றை வளர்த்துவிட இரண்டு பக்கத்துக்கும் ஆசையில்லை.

இந்த விளக்கம் என் ஊகம்தான், ஆவணத்தில் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு தரப்பில் யாருமே உபாகமத்தை மேற்கோள் காட்டவில்லை. யேப் ஆட்கள் எருசலேமுக்கே எழுதுகிறார்கள், எங்களுக்குப் பலிபீடம் இருந்தது என்று. கூச்சமே இல்லை. பிரதான ஆசாரியனும் அது நியாயப்பிரமாணத்துக்கு விரோதம் என்று ஒரு வரி எழுதிப் போடவில்லை.

இவர்கள் எப்படிப்பட்ட யூதர்கள்?

தீவில் இத்தனை பாப்பிரஸ் கிடைத்தும் வேதாகமத்தின் ஒரு பக்கம்கூட இல்லை. மோசே இல்லை, ஆபிரகாம் இல்லை, எகிப்திலிருந்து புறப்பட்ட கதை இல்லை. அவர்கள் எகிப்திலேயே உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையை நினைவுகூரவில்லை என்பது படிக்கும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது. கிடைத்த இலக்கியம் இரண்டு: அகிக்கார் என்ற ஞானியின் கதை, முதலாம் தரியுவின் பெகிஸ்துன் கல்வெட்டின் அரமேய வடிவம்.

காணிக்கைப் பட்டியல் ஒன்று இருக்கிறது, கி.மு. 400 வாக்கில். யூதப் படையில் யாஹு தேவனுக்கு ஆளுக்கு இரண்டு சேக்கல் கொடுத்தவர்கள் பெயர்கள், அதில் பெண்கள் நிறையப் பேர். கடைசியில் யெதோனியாவின் கையிருப்பு: யாஹுவுக்கு 126 சேக்கல், எஷெம்பேத்தேலுக்கு 70, அனாத்பேத்தேலுக்கு 120. தலைப்பில் ஒரு தெய்வம், கணக்கில் மூன்று. (மூன்றையும் கூட்டினால் 316, அவர் எழுதிய மொத்தம் 318. பொருளாளர் வேலை அந்தக் காலத்திலும் அப்படித்தான்.) இன்னொரு பத்திரத்தில் ஒருவர் அனாத்யாஹுவின் பேரில் ஆணையிடுகிறார். யாஹுவுக்குத் துணையாக ஒரு தேவி.

எரேமியா 44இல் எகிப்துக்குப் போன யூதர்கள், வானராக்கினிக்குத் தூபங்காட்டினபோது நன்றாகத்தானே இருந்தோம் என்று தீர்க்கதரிசிக்கு முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். அந்த அதிகாரத்தைப் படித்துவிட்டு இந்தக் காணிக்கைப் பட்டியலைப் பார்த்தால் எருசலேமின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் தெரியும். ஆனாலும் இவர்களைத் தடம் புரண்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யோசியாவுக்கு முந்திய யூதா பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. இவர்கள் பழைய வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனவர்கள், எருசலேம்தான் மாறியது.

கட்டினார்களா?

கட்டினார்கள் என்றே தெரிகிறது. ஆலயத்தில் பணிசெய்த வேறொரு அனனியா, அசரியாவின் மகன், கி.மு. 437இல் வாங்கிய வீடு தெருவுக்கு இந்தப் பக்கம், ஆலயம் அந்தப் பக்கம். அவருடைய மனைவி தாமேத் ஓர் எகிப்திய அடிமைப் பெண், 449இல் கல்யாணம். வயதான பிறகு இருவரும் அந்த வீட்டைத் தங்கள் மருமகனுக்கு விற்றார்கள். கி.மு. 402இல் எழுதிய அந்தப் பத்திரத்தில் எல்லை சொல்லும்போது யாஹுவின் ஆலயம் எதிரே இருக்கிறது. 1990களில் அந்த இடத்தைத் தோண்டியவர்களும் ஆலயப் பகுதியில் இரண்டு கட்டக் கட்டுமானங்களை அடையாளம் கண்டார்கள்.

399க்குப் பிறகு யேப் யூதர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாரசீகர்கள் போனதும் பாரசீகப் படைக்கு வேலை இல்லை. நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் நெக்தனேபோ க்னூம் கோயிலைப் பெரிதாக்கியபோது அந்தத் தெருவே அதற்குள் போய்விட்டது.

எகிப்தில் யூத ஆலயம் என்ற எண்ணம் அதோடு முடியவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், எருசலேமில் பதவி கைவிட்டுப்போன பிரதான ஆசாரிய வம்சத்தைச் சேர்ந்த ஓனியாஸ், நைல் கழிமுகப் பகுதியில் லியோந்தோபொலிஸில் ஓர் ஆலயம் கட்டினார். எகிப்து தேசத்தின் நடுவில் கர்த்தருக்கு ஒரு பலிபீடம் உண்டாயிருக்கும் என்ற ஏசாயா 19:19 வசனத்தை அவர் ஆதாரமாகக் காட்டினார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அங்கே மிருகபலியும் நடந்தது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் விழுந்த பிறகு ரோமர்கள் அதையும் மூடினார்கள்.

அந்த ஓனியாஸ் ஆலயத்தில் ஊழியம் செய்த ஆசாரியர்களை என்ன செய்வது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவர்கள் எருசலேமில் பலியிடக் கூடாது, ஆனால் ஊனமுள்ள ஆசாரியர்களைப் போல, பரிசுத்த போஜனத்தில் தங்கள் பங்கை வாங்கிச் சாப்பிடலாம். ஆதாரமாக மிஷ்னா எடுத்துக்காட்டுவது 2 இராஜாக்கள் 23:9, யோசியா ராஜா மேடைகளின் ஆசாரியர்களுக்குச் செய்த அதே ஏற்பாடு.